பாதி உரித்த மீன்

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, தொடங்கிய ஒரு வேலையை உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் முடித்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் ஒரு மீனால் வந்த வினை. அந்த மீனைப் பற்றிச் சொன்னால் சேலத்தில் இருக்கும் என் அண்ணன் இன்றைக்கும் நம்புவதில்லை. "சும்மா அளக்காத" என்கிறான். நம்பாவிட்டால் போகட்டும். சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு சேற்றில் நின்றவள் நான், அவன் இல்லை.

அக்காவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊரிலும் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'தோ வந்துர்றன் அக்கா' என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். தபால்காரர் என்றால் வேறு யாருமல்ல, என் வீட்டுக்காரர்தான். எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி, இண்டூர்ப் பக்கம் அந்தச் சின்ன ஊருக்கு அவரோடு குடி போனேன். சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். போன முதல் நாள், வண்டியிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருக்கும்போதே அக்கா ஒரு சொம்பு நிறைய மோர் கொண்டு வந்தாள். என் தம்ளரில் பாதி ஊற்றினாள். எங்கோ ஆடு கத்தியது. "தோ வந்துர்றன் கண்ணு" என்று சொம்போடு போய்விட்டாள். மிச்ச மோர் மறுநாள் சாயங்காலம் வந்தது. புளித்திருந்தது.

அவள் வீட்டு முன்சுவரில் வலது பக்கம் வெள்ளை, இடது பக்கம் பழைய நீலம். நடுவில் கோடுகூட நேராக இல்லை. அடித்துக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். சுண்ணாம்புச் சட்டி அந்த இடத்திலேயே காய்ந்து கல்லாகிக் கிடந்தது. ஒரு கோழி அதில் முட்டையிடப் பழகியிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு அவள் வைத்த குடிலில் ராஜாக்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

"மூணாவது ராசா எங்கக்கா?" என்றேன்.

"வந்துட்டிருக்காரு கண்ணு. அவரு ஊரு தூரமில்ல?"

உள்ளே போய்ப் பார்த்தால் மூன்றாவது ராஜா களிமண்ணில் கழுத்து வரைக்கும் ஆகி, ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தார். பொங்கல் வந்தது, தலை வரவில்லை. ஜெபமாலைக்கும் இதே கதிதான். மாதாவுக்கென்று ஒதுக்கிய மாதத்தில் வீடு வீடாகக் கூடி ஜெபமாலை சொல்லும்போது, மூன்றாவது பத்து மணிகளை அக்காவுக்குக் கொடுத்தால் நாலாவது மணியில் எழுந்து போய்விடுவாள். நாங்கள் எல்லோரும் முட்டி போட்டபடியே மாதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். மாதாவும் எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கதை சொல்வதைத்தான் பொறுக்க முடியாது. ஊரில் நடந்ததை அவளைப் போல ருசியாகச் சொல்ல ஆள் கிடையாது. ஒரு நாள், மேலத்தெருவில் புருஷனுக்குத் தெரியாமல் ஒருத்தி ஏதோ செய்த கதையைத் தொடங்கினாள். நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "அவன் திடீர்னு வந்து கதவத் தொறந்தாம் பாரு, உள்ள..." என்றாள். பஸ் ஹாரன் கேட்டது. "தோ வந்துர்றன்." பன்னிரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதின்மூன்றாம் நாள் பிடித்துவைத்து, "கதவுக்கு உள்ள என்னக்கா இருந்துச்சு?" என்றால், "எந்தக் கதவு?" என்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் தையல்காரி. காஜா எடுத்துப் பொத்தான் வைக்காமல் ஒரு சட்டையையும் மடித்து வைத்ததில்லை. என் பக்கத்து வீட்டில் இப்படியொருத்தியைக் கொண்டுபோய் வைத்தாரே கடவுள்!

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்குக் காதுதான் எதிரி. எங்கே எந்தச் சத்தம் கேட்டாலும், அது தனக்குத்தான் என்று எழுந்துவிடுவாள். யார் வீட்டிலோ பசு கன்று போடும், பிள்ளை விழுந்து அழும், கிணற்றில் வாளி அறுந்துகொள்ளும். ஓடிப்போய்ப் பாதி உதவி செய்துகொண்டிருக்கும்போது அடுத்த சத்தம் கேட்கும். அவள் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். ஆக, தடுத்து உட்காரவைக்கவும் ஆளில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் முடித்துவைத்தவள் அவளுடைய ஒரே மகள் ஸ்டெல்லா. பால்வாடி டீச்சர். அம்மா பாதி கோத்த பூவை முடிப்பாள், பாதி ஆட்டிய மாவை ஆட்டுவாள், பாதி திட்டிய பையனை மீதியும் திட்டி அனுப்புவாள். தங்கமான பெண். ஆனால் இரண்டு மாப்பிள்ளை வீடு வந்து போய்விட்டது. முதலில் வந்த ஆறு பேரில் மூன்று பேருக்குக் காபி ஊற்றிவிட்டு அக்கா கன்றுக்குட்டி பார்க்கப் போய்விட்டாள். காபி கிடைக்காத மூன்று பேரில் ஒருத்தர் மாப்பிள்ளையின் தாய்மாமன். விடுவாரா?

இரண்டாவது அதைவிட மோசம். எல்லாம் பேசி முடிந்து, தாம்பூலம் எடுக்கப் போகிற நேரத்தில் அக்கா, "எம் பொண்ணு தங்கமுங்க. அவகிட்ட ஒரே ஒரு கொறதான்..." என்றாள். வெளியே ஐஸ் வண்டிக்காரன் யாரோடோ சண்டை போட்டான். "தோ வந்துர்றன்" என்று எழுந்து போனவள் வரவே இல்லை. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அரை மணி நேரம் பொறுத்தார்கள். அப்புறம் செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் நான் நேராகவே கேட்டேன்.

"என்னக்கா கொற? சொல்லித் தொலைங்க."

"இனிப்புன்னா உசுரு கண்ணு. சக்கரை டப்பாவக் காலி பண்ணிருவா. வேற என்ன?"

ஸ்டெல்லா அன்றைக்கு முழுவதும் அம்மாவோடு பேசவில்லை. எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது. வயது இருபத்திரண்டு ஆகிவிட்டது. மூன்றாவது ஜாதகமும் இப்படிப் போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. ஜாதகம் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன், எங்களில் ஏது ஜாதகம்! மூன்றாவதாக வந்த சம்பந்தம் காரிமங்கலத்துப் பக்கம். மாப்பிள்ளைக்குக் கரண்ட் ஆபீசில் வேலை. அவன் அம்மாதான் கறார். மகனுக்கு ஐந்து இடம் பார்த்து ஐந்தையும் தட்டிவிட்டவர் என்று பெயர். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் கல்யாணப் பேச்சு வேண்டாம், சும்மா வீடு மட்டும் பார்த்துப் போகிறேன் என்று ஒரு புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதே புதன்கிழமை ஊர் ஏரியில் மீன்பிடி வைத்துவிட்டார்கள். பங்குனியில் தண்ணீர் வற்றி முழங்காலுக்கும் இடுப்புக்குமாக நிற்கும்போது, ஊரே இறங்கி ஒரே நாளில் பிடிப்பது வழக்கம். வெள்ளி, சனி இந்து வீடுகளில் மீனைத் தொடமாட்டார்கள். ஞாயிறு எங்களுக்குப் பூசை. அதனால் எப்போதும் புதன்தான். தவக்காலம் நாற்பது நாளும் அக்கா வீட்டில் கறி கிடையாது, மீனுக்குத் தடையில்லை. வருகிறவர்களுக்கு ஏரி மீன் குழம்பு வைத்துவிடுவது என்று அக்கா முடிவு செய்தாள்.

"நீ போவாதம்மா, நான் யார்கிட்டயாவது வாங்கிக்கறன்" என்றாள் ஸ்டெல்லா.

"வர்றவங்களுக்கு அடுத்தவன் புடிச்ச மீனா? போடி இவளே. தோ போனன், தோ வந்தன்."

ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க கூடப் போங்க. நாலு மீனு கெடச்சதும் தரதரன்னு இழுத்துட்டு வந்துருங்க. இந்த ஒரு நாளு மட்டும் எங்கம்மா எதையும் பாதியில உடக் கூடாது."

போனோம். ஏரி முழுக்க அடியில்லாத ஊத்தாக்கூடைகளைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு ஆம்பிளைகள், முறத்தையும் கொசுவலையையும் வைத்துக்கொண்டு பெண்கள், ஒரே கூச்சல். எங்களிடம் இருந்தது அக்காவின் பழைய நூல் சேலை. இந்த முனை நான், அந்த முனை அவள். சேற்றோடு இழுத்துக்கொண்டு வந்து ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். முதல் தடவையே நல்ல கனம். "தூக்குங்கக்கா!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் யாரோ சேற்றில் வழுக்கி விழுந்த சத்தம். அக்கா முனையை விட்டுவிட்டு, "அய்யய்யோ, அடிபட்டுச்சா சாமி?" என்று போய்விட்டாள். உள்ளே இருந்ததெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு போயின.

நான் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். இன்றைக்கு நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. "உங்க பொண்ணுக்குக் கல்யாணம் ஆவணுமா வேண்டாமா?" என்று கேட்டேன். அக்கா திரும்பி வந்தாள். சேலை முனையை எடுத்துத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள்.

"கட்டிட்டன் கண்ணு. இனி நானே நெனச்சாலும் போவ முடியாது. இழு."

அந்த இழுப்பில்தான் அது வந்தது. தூக்க முடியவில்லை. இரண்டு பேரும் சேலையோடு கரைக்குத் தவழ்ந்து வந்து விழுந்தோம். உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் துள்ளியது. கெண்டை மாதிரி வாய், கெண்டை மாதிரி வால். ஆனால் உடம்பில் செதிலைக் காணோம். அதாவது, இருந்தது. முதுகோரம் ஒரு வரிசை, பக்கவாட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கோட்டுப் பொத்தான் அளவுக்குப் பளபளவென்று. மற்ற இடமெல்லாம் வெறும் தோல், வழவழவென்று. யாரோ உட்கார்ந்து பாதி உரித்துவிட்டு எழுந்து போன மீன்.

கூட்டம் கூடிவிட்டது. அப்படியொரு மீனை அந்த ஏரியில் யாரும் பார்த்ததில்லை. "நோவு வந்த மீனா இருக்கும்" என்றார்கள். "பாம்பு பாதி முழுங்கிட்டுத் துப்பியிருக்கும்" என்றார்கள். ஊத்தாக்கூடையைத் தோளில் வைத்திருந்த ஒரு பெரியவர் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"ஏம்மா, போன வருசம் மீன்புடியப்ப இதே மதகுக் கல்லு மேல ஒக்காந்து ஒரு மீன உரசிட்டிருந்தியே?"

"ஆமாங்க."

"பாதியில எந்திரிச்சுப் போனியே?"

"தோ வந்துர்றன்னுதான் போனன்."

"வந்து பாத்தா மீனக் காணோம், பூனை தூக்கிட்டுப் போச்சுன்னு ஒரு வாரம் பூனையத் திட்டுனியே?"

ஏரி முழுக்கச் சிரிப்பு வெடித்தது பாருங்கள், கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. "அந்த மீனு எகிறி ஏரிக்குள்ளயே போயிருச்சுடோய்!" "ஒரு வருசமா பாதிச் சட்டையோட திரிஞ்சிருக்குது!" "அந்தப் பூனை பாவம்டா!"

நான் விடவில்லை. "அது எப்பிடிங்க? உரிச்ச மீனு உசுரோட இருக்குமா?"

"மேலாப்புலதான உரசுனா, வவுத்த அறுக்கலயே?" என்றார் பெரியவர். "நமக்கு முட்டி செராச்சா செத்தா போயிர்றோம்?"

எனக்கே லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முழுதாக நம்பிவிட்டாள். மீனுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதன் வழுக்கைப் பக்கத்தைத் தடவினாள். "ஏஞ்சாமி, குளுருல எப்பிடி இருந்த? நான் பண்ணுன வேலதானா இது?" என்று கேட்டாள். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

இந்தக் கூத்து நடக்கும்போதுதான் ஏரிக்கரையில் பஸ் நின்றது. கறுப்புக் குடையோடு ஒரு அம்மாள் இறங்கினார். இறங்கிய இடத்திலேயே நின்று குடையை விரித்து, கம்பி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தார். யாரிடமோ அக்கா வீட்டை விசாரித்தார். கேட்ட ஆள் எங்கள் பக்கம் கையைக் காட்டிவிட்டான். அவன் நாசமாய்ப் போக.

அந்த அம்மாள் வந்தார். சேறு பூசிய அக்காவைப் பார்த்தார், மணிக்கட்டில் கட்டிய சேலையைப் பார்த்தார், மீனைப் பார்த்தார்.

"தாயத் தண்ணித்தொறையில பாத்தா மகள வூட்டுல பாக்க வேண்டியதில்லன்னு சொல்லுவாங்க" என்றார். "நான் ரெண்டையும் பாக்கலாம்னுதான் வந்தன். இதென்னங்க மீனு இப்பிடி இருக்குது?"

"அது வந்துங்க, ஏதோ வெளியூரு மீனு போலிருக்குதுங்க..." என்று தொடங்கினேன். அக்கா என்னைக் கையமர்த்தினாள். தவக்காலம் அவளுக்குள் எப்படி வேலை செய்ததோ தெரியவில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தாங்க. போன வருசம் பாதி உரசிட்டு உட்டுட்டுப் போயிட்டன். எங்கிட்ட அந்தப் பழக்கம் இருக்குதுங்க. எம் பொண்ணுகிட்ட இல்லீங்க."

செய்யாத குற்றத்தை இப்படி யாராவது ஒத்துக்கொள்வார்களா? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மதகுக் கல்லுக்கு எதிரே இருந்த வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தார். குடையைச் சுருக்கி, மடிப்பு மடிப்பாகச் சரி செய்து, பட்டன் போட்டார்.

"அப்ப இப்ப முடிங்க. முடிச்சிட்டு வாங்க, வூட்டுக்குப் போயிப் பேசலாம். முடியலன்னா ஒரு மணி பஸ்ஸுக்கு நான் அப்பிடியே போயிர்றன்."

அதற்குள் மீனும் அடங்கியிருந்தது. யாரோ அடுப்புச் சாம்பல் கொண்டு வந்து கொடுத்தார்கள். அக்கா கல்லில் உட்கார்ந்தாள். இருந்த பொத்தான் செதில்களை முதலில் பிடுங்கினாள். அது ஐந்து நிமிட வேலை. பிறகு வழுக்கைப் பக்கத்தைச் சாம்பல் போட்டு உரசத் தொடங்கினாள். உரசினாள், உரசினாள், உரசிக்கொண்டே இருந்தாள். ஒரு செதில் வரவேண்டுமே!

"அந்தப் பக்கம் இன்னும் ஒன்னும் வரலியே" என்றார் அந்த அம்மாள் நிழலிலிருந்து.

"உரசறனுங்க. வரமாட்டங்குதுங்க."

"உரசுனா வரும்."

பாதிப் பேர் மீன் பிடிப்பதை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா பத்து நிமிடம் தாங்கமாட்டாள் என்றார்கள். ஐஸ் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு கரைமேல் போனது. அக்காவின் காது விறைத்தது, எழவில்லை. நண்டு கடித்து ஒரு பிள்ளை அலறியது. அக்காவின் இடுப்பு கல்லிலிருந்து ஒரு விரற்கடை எழும்பியது. நான் தோளை அமுக்கினேன். உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. எங்கள் கோயில்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று மூவேளை ஜெபம் சொன்னோம். அக்கா மட்டும் உட்கார்ந்தபடியே, கையில் மீனோடு, உரசிக்கொண்டே சொன்னாள். எனக்குத் தெரிந்து அவள் முழுதாகச் சொன்ன முதல் ஜெபமும் அதுதான்.

அப்போது வந்தது பாருங்கள் பெரிய சோதனை. கரைமேலிருந்து ஒருத்தன் கத்தினான்: "யக்கா! உங்க ஆடு எங்க ராகிக் காட்டுல நிக்குது! வந்து புடி, இல்லன்னா காலை ஒடச்சிருவன்!"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். 'தோ வந்துர்றன்' அவள் உதட்டு நுனி வரைக்கும் வந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். குடைக்கார அம்மாளும் பார்த்தார். அக்கா அதை எச்சிலோடு விழுங்கினாள்.

"கண்ணு, நீ போயிப் புடி" என்றாள்.

போனேன். சேற்றுப் புடவையோடு அந்த ஆட்டைத் துரத்திய கதை வேறு. அதன் கொம்பைப் பிடித்து இழுத்து வரும்போது, கல் காலியாகத்தான் இருக்கும், இந்நேரம் யார் வீட்டுக் கன்றையாவது பார்க்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். போகவில்லை. அங்கேயேதான் இருந்தாள். விரல் நுனியெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. அவளுக்குச் செதில் வந்ததே தவிர மீனுக்கு வரவில்லை.

ஒரு மணி பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டி.வி.எஸ். பிப்டி வண்டி ஒன்று கரையில் வந்து நின்றது. டூட்டி முடித்து நேராக வந்த மாப்பிள்ளை. அம்மாவைத் தேடிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்து மீனைப் பார்த்தான்.

"அட, இந்த மீனு இங்க எப்பிடி வந்துச்சு?" என்றான். "ஏற்காட்டுல ரெண்டு வருசம் வேல பாத்தன், அங்க ஏரியில நெறைய உண்டு. இது சீமைக் கெண்டைங்க. இதுக்குப் பொறப்புலயே பாதி ஒடம்புல செதிலு கெடையாது. ஏங்க அதப் போட்டு உரசிட்டிருக்கீங்க?"

இரண்டு வருஷத்துக்கு முன் பஞ்சாயத்தில் எங்கிருந்தோ டிரம்மில் மீன்குஞ்சு கொண்டு வந்து ஏரியில் விட்டது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. அதில் ஒன்று கலந்து வந்திருக்கிறது. பூனையைப் பற்றி இப்போது யாரும் பேசவில்லை. ஊத்தாக்கூடைப் பெரியவர் மெதுவாகத் தண்ணீர்ப் பக்கம் நகர்ந்தார்.

அக்கா உரசுவதை நிறுத்தினாள். மீனைத் தூக்கிப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தாள்.

"பாத்தீங்களா? சாமியே பாதியில எந்திரிச்சுப் போயிருக்காரு. என்னய மட்டும் ஏண்டா இந்தப் பேச்சுப் பேசறீங்க?"

முதலில் சிரித்தது குடைக்கார அம்மாள்தான். அந்த முகத்தில் சிரிப்பு இருக்கும் என்று அவர் மகனே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மடியிலிருந்த குடை கீழே விழுந்து பட்டன் அவிழ்ந்தது. அவர் எடுக்கவில்லை. "நானும் ஒரு மணி நேரமா இல்லாத செதிலுக்குக் காவல் ஒக்காந்திருந்திருக்கன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு மணி பஸ் வந்து நின்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வூடு எந்தப் பக்கமுங்க?" என்றார் அக்காவிடம்.

அன்றைக்குக் குழம்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அக்கா புளியைக் கரைத்து ஊற்றிவிட்டு, "தோ வந்துர்றன்" என்று ராகிக் காட்டுக்காரனைச் சமாதானம் செய்யப் போய்விட்டாள். ஸ்டெல்லா உப்பும் மிளகாயும் போட்டாள். பாதி வெள்ளை பாதி நீலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் பேசாமல் உள்ளே வந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். மூன்று கை பட்டு முடிந்த குழம்பு. சேற்று வாடை அடித்தது. எல்லோரும் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டோம்.

ஈஸ்டர் முடிந்து மூன்றாம் வாரம் கல்யாணம். பெங்களூரிலிருந்து அக்கா வீட்டுக்காரர் வந்து, சுவரின் மிச்சப் பக்கத்துக்கும் சுண்ணாம்பு அடித்தார். கோயிலில் பூசை, விருந்து எல்லாம் ஆகி, சாயங்காலம் பெண்ணை அனுப்புகிற நேரம். வாடகைக் கார் வந்து நின்றது. அக்கா சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதிதாங்க வளத்திருக்கன். மீதிய நீங்க பாத்துக்கணும்."

"மீதிய அவளே வளந்துக்கிட்டா. எங்களுக்கு வேலை வெக்கல" என்றார் அந்த அம்மாள்.

கார் கிளம்பும்போது ஸ்டெல்லா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அம்மாவின் கன்னத்தைத் துடைத்தாள். "அழுவாதம்மா. தோ வந்துர்றன்" என்றாள்.

எத்தனை வருஷமாக அந்த வார்த்தையைக் கேட்டுச் சிரித்துப் பழகிய ஊர்! சுற்றி நின்ற எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்கா சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனவள் அவள். அதைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அவளுக்கா தெரியாது?

கார் ஏரிக்கரை வளைவில் மறைந்தது. கூட்டம் பந்திப் பாத்திரம் கழுவப் போனது. எங்கோ கன்று கத்தியது, கிணற்றடியில் யாரோ அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். அவள் காது அசையவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கக்கா, வூட்டுக்குப் போலாம்" என்றேன்.

"இரு கண்ணு" என்றாள். "வந்துர்றன்னுதான சொல்லிட்டுப் போயிருக்கா?"